நூறு ரூபாய் கேமராவும் நூத்தி எழுபத்தேழு ரூபாய் வாசலும்

ஆபீஸ்ல ஆணி பிடுங்குற நேரம் போக எனக்கு இருக்குற ஒரே கெட்ட பழக்கம், பழைய கேமரா. புதுசு இல்லைங்க, பழசு. புதுசு வாங்குறவங்களுக்குக் கடை இருக்கு, தவணை இருக்கு, தீபாவளித் தள்ளுபடி இருக்கு. பழசு வாங்குறவனுக்கு நடுராத்திரியும் இன்டர்நெட்டும்தான். ஜப்பான்ல ஒருத்தர், ஜார்ஜியால ஒருத்தர், ஜெர்மனில ஒருத்தர்னு அலமாரியைக் காலி பண்றவங்க படம் போட்டு வெச்சிருப்பாங்க. பெங்களூர்ல உக்காந்து நாம வாயைப் பொளந்து பார்த்துட்டு இருப்போம். பின்னாடி தங்கமணி வந்து நின்னா உடனே எக்ஸெல் ஷீட்டைத் திறக்கணும் :)

நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணுதான். "வெளிநாட்ல இருந்து பழைய கேமரா வாங்கினா லாபமா? கஸ்டம்ஸ் எவ்வளவு போடுவான்?" ஆளாளுக்குப் ஃபோன்ல சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. அதான் இந்தக் கணக்கை ஒரு தடவை முழுசா எழுதி வெச்சிடலாம்னு.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. விக்கிறவர் பக்கத்துல போட்டிருக்குற விலை உங்க விலை இல்லை. உங்க வீட்டு வாசல்ல பெட்டி வந்து இறங்குறப்போ மொத்தமா கையை விட்டுப் போயிருக்குற காசுதான் விலை. நான் இதுக்கு 'வாசல் விலை'ன்னு பேர் வெச்சிருக்கேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் கடல் தூரத்தை விடப் பெருசு.

நூறு ரூபாயை வெச்சுக் கணக்குப் போடுவோம். கேமரா, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 100 ரூபாய். ஆமாங்க, கூலிக்கும் வரி உண்டு. நம்ம சுங்கச் சட்டப்படி பொருளோட மதிப்புன்னா இங்க வந்து சேர்ற வரைக்குமான செலவும் சேர்ந்ததுதான். கூலி எவ்வளவுன்னு தெரியலைன்னா, பொருள் விலையில 20 சதவீதம்னு அவங்களே வெச்சுக்குவாங்க. இன்சூரன்ஸ் தெரியலைன்னா 1.125 சதவீதம். டாலர் மதிப்பும் கூகுள்ல பார்த்த மதிப்பு கிடையாது, சுங்க வாரியம் அறிவிச்ச மதிப்பு.

தபால்லயோ விமானத்துலயோ சொந்த உபயோகத்துக்கு வர்ற பொருளுக்குச் சுங்க அட்டவணையில தனியா ஒரு தலைப்பு இருக்கு, 9804னு. உள்ள கேமரா இருந்தாலும் சரி, காலணி இருந்தாலும் சரி, பெரும்பாலும் ஒரே விகிதம். நான் வாங்குன 2023ல அந்தக் கணக்கு இப்படி:

அடிப்படை சுங்க வரி 35 சதவீதம். நூத்துக்கு 35 ரூபாய்.
அந்த 35 மேல சமூக நல கூடுதல் வரி 10 சதவீதம். 3.50 ரூபாய்.
இப்போ மொத்தம் 138.50. இந்த மொத்தத்து மேல ஐஜிஎஸ்டி 28 சதவீதம். 38.78 ரூபாய்.

கூட்டிப் பாருங்க. வரி மட்டும் 77.28 ரூபாய். நூறு ரூபாய்ச் சாமான் வாசல்ல 177.28. வரி மேல வரி எப்படி உக்காருதுன்னு கவனிச்சீங்களா? ஐஜிஎஸ்டி பொருளுக்கு மட்டும் இல்லை, ஏற்கெனவே கட்டுன சுங்க வரிக்கும் சேர்த்துத்தான்.

இதுகூட உங்க அட்டை கம்பெனி வெளிநாட்டுப் பணம்னு ஒரு கூலி எடுக்கும். என் அட்டைக்கு 3.5 சதவீதம், அதுக்கு ஜிஎஸ்டி தனி. அப்புறம் தபால்காரர் பெட்டியோட வாசல்ல வந்து வரியை வசூல் பண்றதுக்குச் சின்னதா ஒரு கட்டணம். கூரியர்ல வந்தா அவங்க உங்களுக்காக வரியை முன்னாடி கட்டுனதுக்கும் ஒரு கட்டணம் போடுவாங்க. அது தபாலை விட எப்பவும் ஜாஸ்தி.

ஒரு காலத்துல இந்தத் தலைவலியை ஈபே தானே எடுத்துக்கிச்சு. 2012ல 'குளோபல் ஷிப்பிங் புரோகிராம்'னு ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல விக்கிறவர் பெட்டியைக் கென்டக்கி மாநிலத்துல எர்லாங்கர்ங்கிற ஊருக்கு அனுப்பிட்டா போதும். அங்க இருந்து அவங்களே அனுப்புவாங்க. 'இம்போர்ட் சார்ஜஸ்'னு ஒரு தொகையை வாங்குறப்பவே நம்மகிட்ட வசூல் பண்ணிடுவாங்க. அந்த எண்ணைப் பார்த்துதான் என்னை மாதிரி நிறைய பேருக்கு இப்படி ஒரு வரி இருக்குறதே தெரிஞ்சுது. கேமராவுக்குக் கீழேயே சின்ன எழுத்துல, கேமராவோட போட்டி போடுற ஒரு தொகை! (ஈபேயோட இந்தியக் கடை வேற கதை. 2004ல பாஸீ டாட் காமை வாங்கி ஆரம்பிச்சு, 2017ல ஃப்ளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்ட்ல மூடியாச்சு.)

சரி, எனக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை? அதையும் சொல்லிடறேன்.

சாத்தூர்ல எங்க மாமா ஒரு ஸ்டூடியோ வெச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோ, ரேஷன் கார்டுக்கு குடும்பப் படம் எல்லாமே ஒரே கேமராவுலதான். யாஷிகா மாட் 124ஜி. மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ். மேல இருக்குறது பார்க்க, கீழ இருக்குறது படம் எடுக்க. இடுப்புக்கு நேரா பிடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு பார்க்கணும். 120 ஃபிலிம், ஒரு ரோலுக்குப் பன்னெண்டே படம், சதுரமா வரும். தமிழ்நாட்டுல எழுபது எண்பதுகள்ல கல்யாண ஆல்பம் வெச்சிருக்குற வீடுன்னா, அதுல பாதிப் படம் இந்த மாதிரி ரெட்டைக் கண் கேமராவுல எடுத்ததாத்தான் இருக்கும். எடுக்குறவர் நம்மளைப் பார்த்துக் கும்பிடுற மாதிரி குனிஞ்சு நிப்பார். அதனாலயோ என்னமோ அந்தக் கால ஃபோட்டோல எல்லார் முகத்துலயும் ஒரு மரியாதை தெரியும்.

2006ல டிஜிட்டல் வந்து தொழில் படுத்தப்போ மாமா அந்தக் கேமராவை ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கொடுத்துட்டார். வாங்குனவர் அலமாரியில அழகுக்கு வைக்க வாங்கினாராம். அதுக்கப்புறம் மாமா அதைப் பத்திப் பேசினதே இல்லை. ஆனா நான் ஊருக்குப் போறப்பல்லாம் என் கேமராப் பையைத் திறந்து பார்த்துட்டு, "இதுல பின்னாடி பார்த்து எடுக்கீக, நாங்க குனிஞ்சு எடுத்தோம் மாப்ளே"ன்னு ஒரு வார்த்தை சொல்வார். அவருக்கு எழுபது முடியப் போகுதுங்கறப்போ ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல உள்ளூர்லதான் தேடினேன். பெங்களூர்ல ஞாயித்துக்கிழமைச் சந்தை, அவென்யூ ரோடு, சிவாஜிநகர் பக்கம் ஒரு ரிப்பேர்க்காரர்னு நாலு வாரம் அலைஞ்சேன். ஒண்ணு கிடைச்சது, 16,000 சொன்னாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா லென்ஸுக்குள்ள சிலந்திவலை மாதிரி பூஞ்சை. மெட்ராஸ் ஈரக்காத்துல வளர்ந்த கேமராவாம். ரிப்பேர்க்காரரே, "பேடா சார், இது வேண்டாம்"னு கன்னடமும் தமிழும் கலந்து சொல்லிட்டார். நல்ல மனுஷன்.

அப்புறம்தான் ஜப்பான். அங்க விக்கிறவங்க ஒரு தனி ஜாதி. கேமராவுக்கு இருபது படம் போடுவாங்க. 'நியர் மின்ட்' 'எக்ஸலென்ட் பிளஸ் அஞ்சு'ன்னு மார்க் போடுவாங்க. நாங்க ப்ளஸ் டூ பரீட்சைக்குக்கூட அவ்வளவு மார்க் பார்த்ததில்லை. படிக்க வேண்டியது அந்த மார்க்கை இல்லை, கீழே சின்னதா எழுதியிருக்குற மூணு வரியை. பூஞ்சை இல்லை, புகை இல்லை, ஷட்டர் எல்லா வேகத்துலயும் வேலை செய்யுதுன்னு தனித்தனியா எழுதியிருக்கணும். லைட் மீட்டர் 'சோதிக்கவில்லை'ன்னு இருந்தா, வேலை செய்யலைன்னு அர்த்தம்.

கேமரா 180 டாலர், தபால் கூலி 40. மொத்தம் 220 டாலர். அப்போ டாலர் 83 ரூபாய் சுமார், ஆக 18,260 ரூபாய். மேல சொன்ன 77.28 சதவீதம்னா வரி மட்டும் 14,111. அட்டைக் கூலியும் சேர்த்தா 33 ஆயிரத்துச் சொச்சம். வாங்குற பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே இந்த எண்ணை ஒரு பேப்பர்ல எழுதித் தங்கமணிகிட்ட காட்டினேன். ரெண்டு நிமிஷம் பேப்பரையே பார்த்துட்டு, "உங்க மாமாதானே, வாங்குங்க. ஆனா அடுத்த வருஷம் எனக்கு"ன்னாங்க. எதுன்னு சொல்லலை. அந்த பயம் இன்னும் இருக்கு :)

இங்கதான் எல்லாரும் ஒரு யோசனை சொல்வாங்க. "அவன்கிட்ட சொல்லி 'கிஃப்ட்'னு எழுதச் சொல்லு. விலை இருபது டாலர்னு போடச் சொல்லு." அந்த ஜப்பான்காரரே கேட்டார், எவ்வளவு மதிப்பு எழுதட்டும்னு. முழு விலையும் எழுதுங்கன்னு சொன்னேன். இது ஏதோ அரிச்சந்திரன் வம்சம்ங்கறதால இல்லைங்க. மூணு காரணம்.

ஒண்ணு, கிஃப்ட்டுங்கற கதவையே மூடியாச்சு. முன்னாடி குறிப்பிட்ட தொகைக்குள்ள வர்ற அன்பளிப்புக்கு வரி கிடையாது. அதைச் சீனத்து ஆன்லைன் கடைங்க மொத்தமா பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. 2019 டிசம்பர் 12ம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், அன்பளிப்புன்னு சொல்லித் தபால்லயோ கூரியர்லயோ வரியில்லாம கொண்டு வர்றதை நிறுத்திடுச்சு. விலக்கு ரெண்டே ரெண்டுக்கு. உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. யாஷிகா ரெண்டுலயும் வராது.

ரெண்டு, வழியில பெட்டி தொலைஞ்சாலோ உடைஞ்சாலோ, எழுதுன மதிப்புக்குத்தான் நஷ்ட ஈடு. இருபது டாலர்னு எழுதுன கேமராவுக்கு இருபது டாலர்தான். மூணு, பெட்டியைத் திறந்து பார்க்குறவங்க குழந்தைங்க இல்லை. அதே கேமரா என்ன விலைக்கு விக்குதுன்னு அவங்களுக்கும் இன்டர்நெட் இருக்கு. பொய் மதிப்புன்னு முடிவாச்சுன்னா வரியோட போகாது. அபராதம், பறிமுதல் வரைக்கும் போகச் சட்டத்துல இடம் இருக்கு.

அனுப்பி ஒம்பது நாள் கழிச்சுப் பெட்டி இந்தியாவுக்குள்ள வந்துட்டதா தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் ஒரே வரி, 'சுங்கத்தால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. அந்த ரெண்டு வாரம் நான் ஆபீஸ்ல பிடுங்குன ஆணிகளை விட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததுதான் ஜாஸ்தி. அப்புறம் ஒரு கடிதம். அடையாள அட்டை நகல், காசு கட்டுன ஆதாரம், என்ன உபயோகம்னு ஒரு விளக்கம் வேணும்னு.

உபயோகம்ங்கற கேள்வி சும்மா இல்லை. நம்ம வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, இயந்திரம் மாதிரி மூலதனப் பொருள் தவிர மத்த பழைய சாமான்களை இறக்குமதி பண்றது கட்டுப்படுத்தப்பட்ட விஷயம், அனுமதி வேணும். சொந்த உபயோகத்துக்கு ஒண்ணு வர்றதுக்கும், விக்கறதுக்கு நாலு வர்றதுக்கும் இருக்குற வித்தியாசத்தைத்தான் அவங்க பார்க்குறாங்க. நான் ஒரே பக்கத்துல எழுதினேன். ஒரு கேமரா, 1970க்கும் 1986க்கும் நடுவுல தயாரிச்ச மாடல், ஃபிலிம் போடுறது, வயசான உறவினருக்கு, விற்பனைக்கு இல்லை. கூடவே வாங்குன பக்கத்தோட நகல், அட்டைக் கணக்கு. எல்லாத்துலயும் ஒரே எண், 220 டாலர். அதுக்கப்புறம் கேள்வி வரலை. போட்ட மதிப்பை அப்படியே ஏத்துக்கிட்டாங்க. ஒரு வாரத்துல தபால்காரர் பெல் அடிச்சார். "டியூட்டி இதே சார், ஜாஸ்தி இதே"ன்னு என்னை விட அவர்தான் வருத்தப்பட்டார். காசை எண்ணிக் கொடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரமா வெச்சேன்.

அந்த ரசீதைப் பார்த்தப்போதான் எனக்குள்ள ஒரு கேள்வி ஓட ஆரம்பிச்சுது. இந்த வரி யாரைக் காப்பாத்துது?

ஒரு காலத்துல பதில் இருந்துச்சு. ஊட்டியில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்னு மத்திய அரசு கம்பெனி இருந்துச்சு. 1960ல ஆரம்பிச்சு, 1967ல உற்பத்திக்கு வந்து, 'இந்து'ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டாங்க. எங்க மாமா ஸ்டூடியோ அலமாரியில அந்த அட்டைப்பெட்டி அடுக்கி இருக்கும். பரோடாவுல ஆக்ஃபா கிளிக் பண்ணினாங்க. கல்கத்தாவுல நேஷனல் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ்ங்கற அரசு கம்பெனி நேஷனல் 35னு ஒரு கேமராவே பண்ணுச்சு. வெளிநாட்டுச் சாமான் மேல வரி போட்டா, இவங்களுக்கு ஒரு வேலி. அந்தக் கணக்கு எனக்குப் புரியுது. ஆனா ஊட்டி ஆலை தொண்ணூறுகள்லயே நொடிச்சுப் போயி, 2014ல மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்ப முடிவு பண்ணிடுச்சு. இன்னிக்கு இந்தியாவுல யாரும் ரெட்டைக் கண் கேமரா செய்யலை. வேலி மட்டும் நிக்குது, உள்ள தோட்டம் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்க. புது டிஜிட்டல் கேமராவுக்கு 2005 மார்ச் 1 அறிவிப்புப்படி அடிப்படை சுங்க வரியே கிடையாது. ஐஜிஎஸ்டியும் 2019 ஜனவரியில 28ல இருந்து 18க்கு இறங்கிடுச்சு. அதாவது, கம்பெனி வழியா பெட்டி பெட்டியா வந்து மால்ல விக்கிற லட்ச ரூபாய் டிஜிட்டல் கேமராவுக்கு 18 சதவீதம். நாப்பது வருஷம் பழசான, ஏற்கெனவே ஜப்பான்ல யாரோ ஓட்டித் தேய்ச்ச ஃபிலிம் கேமரா தபால்ல வந்தா 77.28.

அந்தச் சலுகையும் சுலபமா இல்லை. 2012 மார்ச்ல அரசு ஒரு விளக்கம் சேர்த்துச்சு. குறைஞ்சது 800க்கு 600 அளவுல, நொடிக்கு 23 சட்டம் வேகத்துல, ஒரே மூச்சுல 30 நிமிஷம் வீடியோ எடுக்க முடிஞ்சா, அது 'ஸ்டில் கேமரா' இல்லைன்னு. ஐரோப்பாவுலயும் இதே மாதிரி ஒரு 30 நிமிஷக் கோடு இருந்ததாலதான் ரொம்ப நாள் நம்ம கேமராவெல்லாம் 29 நிமிஷம் 59 நொடியில டப்புனு நின்னுச்சு. சூடாகுதுன்னு நினைச்சீங்களா? முக்கியக் காரணம் வரி! இந்தியாவுல அந்தக் கோட்டை வெச்சு கேனான், நிக்கான், சோனி, கேசியோ மேல வந்த நோட்டீஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நோட்டீஸ் அனுப்புன அதிகாரிக்கு அந்த உரிமையே இல்லைன்னு 2021 மார்ச்ல தீர்ப்பு, இருக்குன்னு 2024 நவம்பர்ல மறுசீராய்வுல தீர்ப்பு. அவ்வளவு பெரிய கம்பெனிங்களுக்கே அந்த நோட்டீஸ் செல்லுமான்னு தெரிய இத்தனை வருஷம். நம்ம ரெண்டு வாரம் காத்திருந்ததெல்லாம் ஒரு பொருட்டா?

நியாயத்தையும் சொல்லணும். தபால் விகிதம் ஏன் இவ்வளவு உசரம்? இல்லைன்னா வியாபாரிங்க எல்லாரும் சொந்த உபயோகம்னு பேர் போட்டு ஒவ்வொண்ணா கொண்டு வருவாங்க, கடை போட்டு வரி கட்டுறவன் முட்டாளாவான். புரியுது. ஆனா அந்த வலையில மாட்டுறது யாரு? புதுசு வாங்க வக்கில்லாம பழசு தேடுறவன். பழைய கேமராங்கறது பணக்காரன் பொழுதுபோக்கு மட்டும் இல்லைங்க. காலேஜ் பையன் ஒருத்தன் ஃபோட்டோகிராஃபி கத்துக்க நுழையுற கதவு அதுதான். அந்தக் கதவுக்குத்தான் பெரிய பூட்டு.

நல்ல சேதியும் இருக்கு. அந்த 35 சதவீத அடிப்படை வரியை 2025 பட்ஜெட்ல 20 ஆக்கினாங்க. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி அடுக்கு மாறினப்போ, சொந்த உபயோகப் பொருளுக்கு 28 போய் 18 ஆச்சு. 2026 பட்ஜெட்ல அடிப்படை வரியை 10 ஆக்குறதா அறிவிச்சாங்க. நான் கட்டுன கணக்கோட பார்த்தா பாதிக்கும் கீழ. எனக்கு வயித்தெரிச்சல்தான், ஆனா அடுத்து வாங்கப் போற பையனுக்காக சந்தோஷம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பெட்டியை மாமா கையில கொடுத்தேன். பிரிச்சார். மூடியைத் தூக்கி, அந்தச் சின்ன பூதக்கண்ணாடியைத் தட்டி எழுப்பி, குனிஞ்சு பார்த்தார். பக்கத்துல இருக்குற சுத்துற கைப்பிடியை ஒரு சுத்து சுத்தி, திரும்பப் பின்னாடி கொண்டு வந்தார். கர்ர்ர்னு அந்தச் சத்தம். அத்தை அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தாங்க. சத்தத்துலயே என்னன்னு தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு.

"எவ்வளவு ஆச்சு மாப்ளே?"

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல பாதி விலை சொல்றதுதான் மரபு. நான் முழுசா சொன்னேன், வரியோட. அவர் கேமரா விலையைக் கேட்டு எதுவும் சொல்லலை. "அப்போ இதுக்குப் பில்லு இருக்கா?"ன்னு கேட்டார். சுங்க ரசீதை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு தடவை படிச்சார்.

அப்புறம்தான் சொன்னார். அவரோட பழைய யாஷிகா 1983ல பர்மா பஜார்ல வாங்கினது. 1969ல பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்க பிழைக்கறதுக்காக மெட்ராஸ் பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல ஆரம்பிச்ச கடைத்தெரு அது. அந்த நாள்ல வெளிநாட்டுக் கேமரா வேணும்னா சாமானியனுக்கு அங்கதான் வழி. கடல்ல வந்ததா, யார் பையில வந்ததான்னு கேக்கக் கூடாது. பில்லுங்கற பேச்சே கிடையாது. "இருவத்திமூணு வருஷம் அதை வெச்சுத்தான் சோறு தின்னோம். ஆனா தெரியாத ஆளு யாராச்சும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஸ்டூடியோ வாசல் ஏறினா, உங்க அத்தை கேமராவைத் தூக்கி டார்க் ரூம் தொட்டிக்கு அடியில வெச்சிடுவா. யாரும் வந்து கேக்கலை. ஆனா கேட்டா என்ன சொல்றதுன்னு பயம் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு."

வரியை ஒரேயடியா உசத்தி வெச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விடப் பெரிய பாடம் எந்தப் பொருளாதாரப் புஸ்தகத்துலயும் எனக்குக் கிடைக்கலை. கட்டுற அளவுக்கு வரி இருந்தா மனுஷன் கட்டிட்டு நிம்மதியா தூங்குவான். கட்ட முடியாத வரி, வேலை செஞ்சு பிழைக்குற ஆளைத் தன் சொந்தத் தொழில் கருவியை ஒளிச்சு வைக்க வைக்கும்.

இனி வாங்கப் போறவங்களுக்குச் சுருக்கமா நாலு விஷயம்.

உள்ளூர்ல கிடைக்குற மாடலை வெளிநாட்ல வாங்காதீங்க. கையில பிடிச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்து வாங்குறதுக்கு ஈடே இல்லை. இங்க கிடைக்காதது, இல்லைன்னா கிடைக்குறதெல்லாம் பூஞ்சையா இருக்குன்னா மட்டும் வெளியே போங்க. போறதுக்கு முன்னாடி அன்னிக்கு இருக்குற வரி விகிதத்தைப் பார்த்து வாசல் விலையைப் போட்டுப் பாருங்க.

'பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாம்'ங்கறதை நம்பி வாங்காதீங்க. விக்கிறவர் கேமராக் காசைத் தருவார். நீங்க கட்டுன வரி நம்ம அரசாங்கத்துகிட்ட இருக்கு. திருப்பி ஏத்துமதி பண்ற சாமானுக்கு வரியில 98 சதவீதம் வரைக்கும் திரும்ப வாங்கச் சட்டத்துல பிரிவு 74 இருக்குறது வாஸ்தவம். ஒத்தைக் கேமராவுக்கு அதுக்காக ஓடுற ஓட்டத்துல செருப்புத் தேய்மானமே கூட வரும்.

வெளிநாட்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா அவங்க கையில கொண்டு வர்றது சட்டப்படியே மலிவு. விமானப் பயணிக்கு 2016ல இருந்து 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லாம இருந்துச்சு, 2026 பிப்ரவரியில அது 75,000 ஆச்சு. ஆனா ஒருத்தரோட அளவை இன்னொருத்தரோட சேர்த்துக்க முடியாது. அதோட, கேக்குறதுக்கு முன்னாடி யோசிங்க. அவங்க பெட்டியில ஏற்கெனவே அத்தை மக்களுக்குச் சாக்லெட், ஷாம்பு, மல்டி விட்டமின் எல்லாம் இருக்கும். உங்க ஒண்ணரைக் கிலோ கேமராவால அவங்க வீட்ல நடக்கப் போற சண்டைக்கு வரி கட்டுறதே தேவலை.

நீங்களே உங்க நல்ல கேமராவை எடுத்துக்கிட்டு வெளிநாடு போறீங்கன்னா, போறப்பவே விமான நிலையத்துல சுங்கத்துகிட்ட ஏத்துமதிச் சான்று வாங்கிடுங்க. சீரியல் நம்பரை எழுதிக் கொடுப்பாங்க. திரும்பி வர்றப்போ, 'இது அங்க வாங்கினதா?'ங்கற கேள்விக்குக் காகிதம் பதில் சொல்லும்.

மாமா போன வாரம் ஃபோன் பண்ணினார். தெருவுல ஒரு வீட்டுக் காதுகுத்துக்குப் போய் மூணு படம் எடுத்தாராம். ரோல்ல இன்னும் ஒம்பது இருக்கு, அவசரம் இல்லைன்னார். அந்தச் சுங்க ரசீதை என்ன பண்ணினார் தெரியுமா? ஸ்டூடியோக்காரர் புத்தி போகுமா? லேமினேஷன் போட்டுக் கேமராப் பையிலயே வெச்சிருக்காராம்.

பி.கு: 124ஜி லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குப் பண்ணினது. அது இப்போ வர்றதில்லை. காது கேக்குற கருவிக்குப் போடுற 675ம் நம்பர் பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்தோட போட்டா கிட்டத்தட்ட சரியா காட்டும். மருந்துக் கடையிலயே கிடைக்கும், அதுக்குச் சுங்க வரி தேடி அலைய வேண்டாம் :)